மருந்தடிக்கப் பயிற்சி தருகிறார்களாம், போகலாமா?

கம்பம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை, கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"வணக்கம் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் மருந்தடிக்கப் போகிறார். விடியக்காலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக மேலே போய் சாயங்காலம் இறங்கிவிடுவார். டிரம் கணக்கில் கூலி, அதனால் மற்ற வேலையைவிடக் கையில் கூடுதலாக நிற்கும். இரண்டு வருஷமாக மருந்தடிக்கிற நாளெல்லாம் சாயங்காலமானால் தலைவலி, குமட்டல், கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். ராத்திரியில் கை நடுங்குகிறது, சதை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். ஒரு கிளினிக்கில் பித்தம், கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இப்போது தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து சர்டிபிகேட் தரப்போகிறார்களாம், இனி அது இருந்தால்தான் வேலை என்று மேனேஜர் சொன்னாராம். போனால் இந்தத் தொந்தரவு குறையுமா? நாளைக்கு ஏதாவது ஆனால் கேரளாவில் போய்த்தான் கேட்க வேண்டுமா, தமிழ்நாட்டிலேயே கேட்கலாமா? நானும் அதே தோட்டத்தில்தான் காய் எடுக்கப் போகிறேன். கல்யாணமாகி மூன்று வருஷம், இப்போதுதான் குழந்தைக்குப் பார்க்கிறோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும் என்ற வரிதான். பித்தமோ கேஸோ கிழமை பார்த்து வராது. மருந்தடித்த அன்று சாயங்காலம் வந்து, வேலைக்குப் போகாத நாளில் விலகுகிற தலைவலி, குமட்டல், கண் மங்கல், சதைத் துடிப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர் அடிக்கிற மருந்தைத்தான். நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என்னிடம் வந்திருந்தால் இங்கிருந்துதான் விசாரிக்க ஆரம்பித்திருப்பேன்.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், பிறகு சொல்லப்போகிறது புரிவதற்கு அது வேண்டும். ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்துகளில் குயினால்பாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகை நிறைய உண்டு. நரம்பு தசைக்கு ஒரு தகவலைக் கொடுத்தவுடன் அந்தத் தகவலை அழித்துவிடுகிற ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது, கோலினெஸ்டரேஸ் என்று பேர். இந்த மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். தகவல் அழியாமல் தேங்குவதால் எச்சில் ஊறும், வியர்க்கும், வயிறு பிசையும், கண்பாவை சுருங்கி மங்கலாகத் தெரியும், சதை தானாகத் துடிக்கும். பூச்சி சாவதும் இதே வழியில்தான். கட்டிப்போடப்பட்ட நொதிக்குப் பதிலாக உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வாரக்கணக்கில், சிவப்பணுக்களில் உள்ள நொதி என்றால் மாதக்கணக்கில்கூட ஆகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு விட்டுவிட்டது என்பதற்காக நொதியும் பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்த அளவிலேயே திங்கட்கிழமை மறுபடியும் டிரம்மைத் தொடுகிறார், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஒருநாள் வழக்கமான அளவு மருந்துக்கே மனிதர் சுருண்டு விழுவது இப்படித்தான்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். போகச் சொல்லுங்கள். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாக வேண்டும், இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

கோலினெஸ்டரேஸ் அளவு ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். ஒருவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், இன்னொருவருக்குக் குறைவாக இருக்கும். லேப் சீட்டில் போட்டிருக்கிற நார்மல் எல்லை அவ்வளவு அகலம். உங்கள் வீட்டுக்காரருக்கு இயல்பில் மேல் எல்லையை ஒட்டி இருந்து, மருந்தால் பாதியாகக் குறைந்திருந்தாலும் சீட்டில் நார்மல் என்றே வரலாம், அதைப் பார்த்து ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் மருந்து படாமல் ஒரு மாதமாவது இருந்த பிறகு எடுக்கிற அளவுதான் அவருடைய சொந்த அளவு. பிறகு மருந்தடிக்கிற மாதங்களில் எடுப்பதையெல்லாம் அதோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1974 முதல் இப்படி ஒரு கண்காணிப்பை வைத்திருக்கிறது. சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்கிற முறையைச் சோதிக்க வேண்டும், சிவப்பணு அளவு 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள அளவு 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், திரும்ப 80 சதவீதத்தை எட்டிய பிறகுதான் விடலாம். நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் 37வது விதியைப் படித்தால், மருந்தடிப்பவர்களை வேலைக்கு எடுக்கும் முன்பும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் டாக்டர் பார்க்க வேண்டும், ஆர்கனோபாஸ்பேட், அதே நொதியைத் தாக்குகிற கார்பமேட் வகைகளைக் கையாள்பவர்களுக்கு மாதாமாதம் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும் என்றே இருக்கிறது. அரை நூற்றாண்டாகக் காகிதத்தில் இருக்கிற விதி இது. என்னிடம் வருகிற மருந்தடிக்காரர்களிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டால் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள், அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு மாதம் மருந்து படாமல் எப்படி இருப்பது என்று கேட்பீர்கள். மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளை கழிக்கிற வேலை வருமல்லவா, அந்தச் சமயத்தில் மருந்தடியை விட்டு அதற்கு மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எப்படியும் சில நாள் மேலே போகமாட்டார்கள், அதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு வந்துவிடும். தேனியிலோ மதுரையிலோ பெரிய லேபில் எடுக்கலாம், பல இடங்களில் பிளாஸ்மா பரிசோதனைதான் செய்வார்கள், பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே லேபில்தான் எடுக்க வேண்டும், முறை மாறினால் எண்ணும் மாறிவிடும். குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு இருந்தாலும் பிளாஸ்மா அளவு குறையும் என்பதால் அதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இப்போது தொந்தரவு இருக்கிறதே, அதுவரை பொறுக்க வேண்டுமா என்றால் வேண்டாம். இந்த வாரமே ஒன்று எடுத்துவிடுங்கள், ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று எடுத்து அது ஏறியிருந்தால் அந்த ஏற்றமே விஷயத்தைச் சொல்லிவிடும்.

எந்த மருந்து என்று தெரியாமல் இதெல்லாம் பாதி வேலைதான். பாட்டிலின் லேபிளை போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அதற்கும் கீழே நீலம், பச்சை. குயினால்பாஸ் மஞ்சளில் வரும். பைரித்திராய்டு என்கிற வேறு வகைப் பூச்சிமருந்தாக இருந்தால் முகம் எரியும், குறுகுறுக்கும், கோலினெஸ்டரேஸ் மாறாது. இரண்டு மூன்றைக் கலந்து ஒரே டிரம்மில் ஊற்றியிருந்தால் எல்லா பாட்டிலையும் படம் எடுக்கட்டும். இன்னொரு விஷயம், 2011 மே மாதம் கேரள அரசு 14 மருந்துகளைத் தடை செய்தது, மோனோகுரோட்டோபாஸும் புரொபெனோபாஸும் ஃபோரேட்டும் அதில் உண்டு. அந்தப் பெயர் உள்ள பாட்டில் மேலே தோட்டத்தில் இருந்தால் அதை அடிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி அந்த மூன்று நாள் பயிற்சி. தொழிலாளர் நலம் பற்றிப் படித்தவர்கள் உலகம் முழுக்க ஒப்புக்கொள்கிற ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தான பொருளையே விலக்கு, முடியாவிட்டால் விஷம் குறைந்ததற்கு மாற்று, அடுத்து கருவியையும் வேலை செய்கிற முறையையும் மாற்று, கையுறையும் முகமூடியும் எல்லாவற்றுக்கும் கடைசி. மூன்று நாள் வகுப்பில் பெரும்பாலும் சொல்லித்தருவது இந்தக் கடைசிப் படியை மட்டும்தான். பயிற்சி முடிந்ததும் கேட்டால் எல்லாரும் சரியாகப் பதில் சொல்வார்கள், தோட்டத்துக்குள் இறங்கியதும் பழைய மாதிரியே அடிப்பார்கள், காரணம் அறியாமை இல்லை. டிரம் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு கையுறை மாட்டுகிற நேரமும், சோப்புப் போட்டுக் கழுவுகிற நேரமும், காற்று திரும்பும்போது நிறுத்துகிற நேரமும் சொந்தக் காசு. அந்தக் கூலி முறையைத் தொடாத எந்தப் பயிற்சியும் பாதியில் நின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து. மருந்தடிக்கிற நாளுக்கு நாள்கூலி, கழுவிக் குளிக்கிற நேரமும் அந்தக் கூலிக்குள் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கேட்க முடியாத விஷயம் இல்லை.

எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. பயிற்சி முடிவில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பாதுகாப்பு முறைகள் சொல்லித்தரப்பட்டன, உபகரணங்கள் வழங்கப்பட்டன என்று அதில் எழுதியிருக்கும். உபகரணம் கைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போடலாம். வராமல் போட்டால், நாளைக்கு ஒன்று ஆகும்போது நாங்கள் எல்லாம் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளட்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலி உண்டா, மேனேஜரும் கங்காணியும் கூட உட்காருவார்களா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். காற்று அடிக்கும்போது நிறுத்து என்று தொழிலாளிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, அடி அடி என்று விரட்டுகிறவருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன பயன்? தோட்டத்துப் பயிற்சி சரியில்லை என்று பட்டால் இடுக்கியில் சாந்தன்பாறையிலும் நம் பக்கம் காமாட்சிபுரத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எந்தப் பூச்சிக்கு எப்போது அடித்தால் போதும் என்பதை அங்கே கேட்கலாம். தேவையில்லாத ஒரு சுற்று மருந்து குறைந்தால் அது எந்த முகமூடியையும்விடப் பெரிய பாதுகாப்பு, தோட்டக்காரருக்கும் செலவு மிச்சம்.

சட்டம் பயிற்சியைத் தனியாகக் கேட்கவில்லை என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் 18ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மருந்து கையாள்பவர்களுக்குப் பயிற்சி, அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை, அதன் பதிவேடு, அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கிற உரிமை, குளிக்க இடம், பாதுகாப்பு உடை, தகுதியுள்ள மேற்பார்வையாளர் எல்லாம் அந்த ஒரே பிரிவில் சேர்ந்து வருகின்றன. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது பழைய சட்டம் போனாலும், இந்தக் கடமைகள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அப்படியே வந்துவிட்டன. பயிற்சியை மட்டும் கொடுத்து மற்றதை விட்டால், பொறுப்பு தோட்டக்காரர் தோளிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் தோளுக்கு மாறியதுதான் மிச்சம். ஆனால் இந்த ஏற்பாடு 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களுக்குத்தான், ஏலத்தில் சிறு தோட்டங்கள்தான் அதிகம். சிறு தோட்டமாக இருந்தாலும் நான் முன்பு சொன்ன 1971 விதிகள் உண்டு.

தமிழ்நாடா கேரளாவா என்று கேட்டிருந்தீர்கள். வேலையால் காயமோ நோயோ வந்தால் இழப்பீடு தருகிற பழைய சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, அதில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. பாதிப்பு நடந்த இடத்து இழப்பீட்டு அதிகாரியிடமும் மனு கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ வழக்கமாக வசிக்கிற இடத்து அதிகாரியிடமும் கொடுக்கலாம். அதனால் தமிழ்நாட்டிலேயே, உங்கள் மாவட்டத்துக்குரிய அதிகாரியிடம் கேட்கலாம். தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிக்கிற வேலை அந்தத் தொகுப்பின் அட்டவணையிலேயே பெயர் சொல்லி இருக்கிறது, பாஸ்பரஸ் கூட்டுப்பொருட்களால் (ஆர்கனோபாஸ்பேட் இந்த வகைதான்) வரும் நோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நடுவில் ஒரு கான்ட்ராக்டர் ஆள் பிடித்துக் கொடுத்திருந்தாலும் தோட்ட முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம், அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்ததைக் காட்ட முடிந்தால் நோய் வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம், எதற்கும் சீட்டு கிடையாது. அதனால் இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தோட்டம், எத்தனை டிரம், எந்த மருந்து, சாயங்காலம் என்ன செய்தது என்று தினமும் ஒரு வரி போதும். கூலியை ஜிபே மூலம் வாங்கச் சொல்லுங்கள், யார் எப்போது கொடுத்தார் என்பது தானாகப் பதிவாகிவிடும். கிளினிக்கில் பார்க்கும்போது மருந்தடிக்கிற வேலை என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அவர் உடம்பில் மருந்து எந்த வழியாகப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு வழியாகத்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பெரும்பங்கு தோல் வழியாகப் போகிறது. கழுத்தில் போட்டிருக்கிற துண்டை எடுத்துப் பாருங்கள். அதையே மூக்கைச் சுற்றிக் கட்டுவார், மருந்துத் தூறல் பட்டு நனைந்ததும் அவிழ்த்து அதே துண்டால் முகத்து வியர்வையைத் துடைப்பார், நெற்றி, இமை, கழுத்து எல்லாம் மருந்தை நன்றாக இழுக்கிற இடங்கள். சாப்பிட உட்காரும்போது அந்தத் துண்டிலேயே கையைத் துடைத்துவிட்டுச் சோற்றில் கை வைப்பார். முகமூடி இல்லாவிட்டால்கூட அந்தத் துண்டு வேண்டாம். மருந்து ஆவியை வடிகட்டுகிற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி, நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை, முதுகையும் தொடையையும் மூடுகிற பிளாஸ்டிக் கோட்டு, பேன்ட் ஓரம் பூட்ஸுக்கு வெளியே தொங்குகிற மாதிரி ரப்பர் பூட்ஸ், இதுதான் கேட்க வேண்டியது. துணிக் கையுறை மருந்தை ஊறவைத்துக் கையோடு ஒட்டி வைக்கும், அது இல்லாமலிருப்பதே மேல். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. ஏலச்செடி ஆளைவிட உயரம், மேல்நோக்கி அடிக்கும்போது தெறிப்பது தலையில்தான் இறங்கும். 2017இல் மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்களே, அந்த வருஷம் அங்கே பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

மேலே இருக்கும்போதே வாயில் எச்சில் ஒழுகினால், மூச்சு இறுகினால், தடுமாறினால், உடனே துணியைக் கழற்றி சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் உட்காரக் கூடாது. பால், மோர் கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். இதற்கு அட்ரோபின் என்று மாற்று மருந்து இருக்கிறது, அது ஊசியாக ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதி, நீங்கள் காய் எடுக்கப் போவதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். மருந்தடித்த செடிக்குள் நாள் முழுக்கக் குனிந்து சரத்திலிருந்து காய் பறிக்கிற கை உங்களுடையது, அந்தக் கைக்கு எந்தப் பயிற்சியும் யாரும் தரப்போவதில்லை. மருந்தடித்த இடத்தில் குறைந்தது 24 மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது, லேபிளில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. எந்தப் பக்கம் நேற்று அடித்தார்கள் என்று உங்களுக்கு வீட்டிலேயே தெரிந்துவிடும், கூட வருகிற பெண்களுக்கும் ஜீப்பிலேயே சொல்லிவிடுங்கள், எல்லாருமாகச் சேர்ந்து வேறு பக்கம் எடுக்கிறோம் என்று கேட்பது எளிது. அவர் வேலைத்துணியை உங்கள் துணியோடு ஊறவைக்காமல் தனி வாளியில் கையுறை போட்டு அலசுங்கள், முடிந்தால் அதை அவரே செய்யட்டும். காலி மருந்துக் கேன் எவ்வளவு நல்ல கேனாக இருந்தாலும் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.

குழந்தைக்குப் பார்க்கிற இந்தச் சமயத்தில் மருந்தடிக்கிற மாதங்களில் ஸ்டோரில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூலி கொஞ்சம் குறைந்தாலும். கரு உண்டாகிவிட்டால் மருந்து பட்ட பகுதிக்கே போக வேண்டாம். கர்ப்பத்தில் பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் தானாகவே குறையும் என்பதால், உங்களுக்கும் சொந்த அளவு ஒன்று வேண்டுமானால் அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அவருடைய முதல் சீட்டு வந்ததும் மருந்துப் பாட்டில் படங்களோடு எனக்கு அனுப்புங்கள், அந்தச் சீட்டை வைத்து மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.